பீலே ஆடிய கழகத்துக்குத் தமிழில் வரலாறு எழுதுவது எப்படி

பெங்களூரு அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் கால்பந்து வீரர் பீலேயின் சிலையும் நிற்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இப்பகுதியை ‘மினி பிரேசில்’ என்றே ஊர் அழைக்கிறது. இங்கே பந்து உதைத்து வளரும் பிள்ளைகளுக்குப் பீலேயைத் தெரியும். அவர் 1956 முதல் 1974 வரை ஆடிய சான்டோஸ் என்ற பிரேசில் கால்பந்துக் கழகத்தைத் தெரிந்தவர்களோ குறைவு. மன்றத்தின் ஆண்டு மலருக்கோ தெருமுனைப் பலகைக்கோ அக்கழகத்தின் வரலாற்றை எழுத முன்வருகிறவர்களுக்கு வழி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேறு தென்னமெரிக்கக் கழகத்தை எடுத்துக்கொண்டாலும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

கோப்பைகளின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், ஊரிலிருந்து தொடங்குங்கள். சான்டோஸ் என்பது சாவோ பாவ்லோ மாநிலத்தின் துறைமுக நகரம். மலைக்கு மேலே விளைந்த காப்பிக்கொட்டை, ஆங்கிலேய நிறுவனம் ஒன்று அமைத்து 1867இல் திறந்த இருப்புப்பாதை வழியாக இறங்கி, இங்கிருந்துதான் கப்பலேறியது. அந்தத் துறைமுக நகரத்தில் 1912 ஏப்ரல் 14 அன்று மூன்று இளைஞர்களின் முன்முயற்சியால் கழகம் தோன்றியது. அதே நாள் இரவில்தான் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது என்பதைப் பலரும் ஆவலோடு எழுதுவார்கள். அதனால் கழகத்தைப் பற்றி எதுவும் விளங்காது என்பதால் ஒரு வரிக்கு மேல் அதற்கு இடம் தரவேண்டாம். மாறாக, எதிரணி ரசிகர்கள் ‘மீன்காரர்கள்’ என்று இழித்துக் கூவியபோது, ‘ஆம், நாங்கள் மீன்கள்தாம்’ என்று அந்தப் பெயரையே சான்டோஸ்காரர்கள் பெருமையாக ஏற்றுக்கொண்ட செய்தியை அவசியம் எழுதுங்கள். கடலை நம்பி வாழும் ஊரின் மனம் அதில் தெரிகிறது.

அடுத்து, போட்டிகளின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரேசில் பரந்த நாடு என்பதால், நாடு தழுவிய போட்டிகளுக்கு நெடுங்காலம் முன்பே மாநில அளவிலான போட்டிகள் வேரூன்றிவிட்டன. சாவோ பாவ்லோ மாநிலப் போட்டி 1902இலேயே தொடங்கியது. சான்டோஸ் அதை முதன்முதலாக வென்றது 1935இல். 1960இல் தொடங்கவிருந்த தென்னமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பைக்கு ஓர் அணியை அனுப்பவேண்டிய தேவை எழுந்ததால்தான் 1959இல் ‘பிரேசில் கோப்பை’ என்ற தேசியப் போட்டி பிறந்தது. சான்டோஸ் அதை 1961 முதல் 1965 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1971இல் தொடங்கிய தேசிய சாம்பியன் போட்டியை மட்டும் கணக்கிட்டால் கழகத்துக்கு 2002, 2004 என இரண்டே பட்டங்கள். 2010 டிசம்பரில் பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு பழைய பட்டங்களையும் தேசியப் பட்டங்களாக ஏற்றுக்கொண்டதால், அந்த ஐந்தும் 1968ஆம் ஆண்டுப் பட்டமும் இந்த இரண்டோடு சேர்ந்து எட்டு ஆயிற்று. ஆகவே 2010க்கு முன் அச்சான நூலில் ‘இரண்டு’ என்றும் பின்னர் வந்ததில் ‘எட்டு’ என்றும் கண்டால் எதையும் பிழை என்று ஒதுக்காமல், எந்தக் கணக்கு என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

ஓர் ஆட்டத்தையாவது நுணுக்கமாகச் சொல்லாத வரலாறு வெறும் பட்டியலாகவே நின்றுவிடும். நான் பரிந்துரைப்பது 1962ஆம் ஆண்டின் லிபர்டடோரஸ் இறுதியை. உருகுவேயின் பெனியாரோல் அணியை அதன் சொந்த ஊரில் 2-1 என்று வென்ற சான்டோஸ், ஆகஸ்ட் 2 அன்று தன் விலா பெல்மிரோ மைதானத்தில் மீண்டும் எதிர்கொண்டது. பெனியாரோல் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது கூட்டத்திலிருந்து பொருள்கள் வீசப்பட்டு, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நெடுநேரம் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. சான்டோஸ் சமன் செய்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று ஊர் கொண்டாடியது. ஆனால், நிறுத்திய கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது, பிறகு ஆடவிட்டது பாதுகாப்புக்காக மட்டுமே என்று நடுவர் அறிக்கை தந்ததால், முடிவு 3-2 எனப் பெனியாரோலுக்கே சாதகமாயிற்று. ஆகஸ்ட் 30 அன்று புவனோஸ் ஐரிஸில் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் 3-0 என வென்றுதான் சான்டோஸ் உண்மையில் சாம்பியன் ஆனது. அன்று இரண்டு கோல்கள் பீலேயுடையவை.

மறுநாள் நாளிதழ் ஒன்று சொல்ல, அதிகாரப்பூர்வ ஏடு வேறொன்று சொல்லும் இத்தகைய இடங்களில் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பிரேசில் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்துள்ளது. பெங்களூருவில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். அங்கே ‘சான்டோஸ்’ என்று மட்டும் தேடினால் அது ஊர்ப் பெயராகவும் பலரின் குடும்பப் பெயராகவும் இருப்பதால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து குவியும். முதலில் ஆண்டுகளைக் குறுக்கி, எதிரணியின் பெயரையும் சேர்த்துத் தேடி, ஆட்டம் நடந்த நாளுக்கு மறுநாள் இதழைத் திறக்க வேண்டும். போர்த்துகீசியம் தெரியாதவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தலாம். ஆயினும் கோல் அடித்தவர், நிமிடம், மைதானம் ஆகியவற்றை மூலப் பக்கத்திலேயே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

பீலேயின் கோல் எண்ணிக்கையில் மிகுந்த கவனம் தேவை. போட்டி ஆட்டங்களில் அவர் சான்டோஸுக்காக அடித்தவை 643. 2020 டிசம்பரில் மெஸ்ஸி ஒரே கழகத்துக்காக 644ஆவது கோலை அடித்தபோது முறியடித்ததாகச் சொல்லப்பட்டது இதைத்தான். நட்புறவு ஆட்டங்களையும் சேர்த்து 1,091 என்று கழகம் கூறுகிறது. வெளிநாட்டுச் சுற்றுப்பயண ஆட்டங்களே அன்று கழகத்தின் பெரும் வருவாயாக இருந்தன, அவற்றில் ஐரோப்பாவின் பெரிய அணிகளும் எதிரே நின்றன என்பதால் அவற்றை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எனினும் இரண்டு எண்களையும் தனித்தனியாகக் காட்டுவதே முறை. 1969இல் சான்டோஸ் ஆடுவதற்காக நைஜீரிய உள்நாட்டுப் போர் நிறுத்தப்பட்டது என்ற கதையும் அப்படித்தான். அணி அங்கே சென்று ஆடியது உண்மை. போர்நிறுத்தத்துக்கு அக்காலத்து ஆதாரம் வலுவாக இல்லாததால், ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற அளவில் நிறுத்துங்கள்.

பீலே 1974 அக்டோபரில் மைதானத்தின் நடுவே மண்டியிட்டு விடைபெற்றதோடு வரலாற்றை முடித்துவிடாதீர்கள். டியேகோ, ரொபின்யோ என்ற இளைஞர்களோடு வந்த 2002ஆம் ஆண்டுப் பட்டமும், நெய்மாரோடு பெனியாரோலையே மீண்டும் வீழ்த்தி வென்ற 2011ஆம் ஆண்டு லிபர்டடோரஸும் எழுதப்பட வேண்டும். 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவதற்கே தடை இருந்த நாட்டில், பெண்களுக்கான லிபர்டடோரஸின் முதல் இரண்டு கோப்பைகளையும், 2009இலும் 2010இலும், சான்டோஸ் பெண்கள் அணிதான் வென்றது. இது பல கட்டுரைகளில் விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம் தருகிறது. 2023 டிசம்பரில் கழகம் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதையும், 2024இல் அப்பிரிவை வென்று திரும்பியதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பெயர்களை எழுதும்போது ஒருமுறை தேர்ந்த எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை மாற்றாதீர்கள். பலகையை ஒட்டுவதற்கு முன், 1970களிலிருந்தே கால்பந்தைப் பின்தொடரும் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் நினைவிலிருந்து சொல்லும் திருத்தத்தைக் குறித்துக்கொண்டு, மூலத்தில் சரிபார்த்த பிறகே சேருங்கள். பட்டங்களின் எண்ணிக்கைக்கு அருகில், அது எந்த ஆண்டு வரையிலான கணக்கு என்பதும் இருக்கட்டும்.