பொடோனியின் மயிரிழை எங்கே அறுகிறது?

திருமண அழைப்பிதழ் ஒன்றில் ஹேமா என்ற பெயரை ஆங்கிலத்தில் பொடோனி எழுத்துருவில் அமைத்தேன். கருஞ்சிவப்பு அட்டை, தங்க ஃபாயில் (மைக்குப் பதில் ஒட்டும் மெல்லிய தகடு). அச்சாகி வந்தபோது 'எச்' எழுத்தின் நடுக்கோட்டைக் காணவில்லை. இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. அச்சகத்தார் ஃபாயிலைக் குறை சொன்னார். பிழை என்னுடையது.

இத்தாலியின் பார்மா நகரில் 1768 முதல் கோமகனின் அச்சகத்தை நடத்தியவர் ஜாம்பத்திஸ்தா பொடோனி. அவரும் பாரிஸின் ஃபிர்மேன் டிடோவும் அந்த நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய எழுத்துகளில் செங்குத்துக் கோடு தடித்திருக்கும். கிடைக்கோடும் செரிஃபும் (எழுத்தின் முனையில் நீளும் சிறு கோடு) மயிரிழையாக இருக்கும். அழகும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான்.

முதல் தவறு, பெரிய அளவுக்கான வரைவைச் சிறிய அளவுக்கும் பயன்படுத்துவது. உலோக அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனியே செதுக்கினார்கள்; சிறிய அளவில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை வைத்தார்கள். நாமோ 72 பாயிண்ட் (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வரைவை அப்படியே 8 பாயிண்டுக்குச் சுருக்குகிறோம். கோடும் கூடவே சுருங்கி, ஆங்கில 'இ' எழுத்து 'சி'யாகத் தெரிகிறது. இந்தச் சிக்கலுக்காகவே 1990களில் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழுக்கு எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர் டிடோ எழுத்தை ஏழு அளவுகளுக்குத் தனித்தனியே வரைந்தார். ஐடிசி நிறுவனத்தின் பொடோனி எழுத்துருவில் 6, 12, 72 பாயிண்டுகளுக்கு மூன்று வரைவுகள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பொடோனி மோடா எழுத்துருவிலும் அளவுக்கேற்ற வரைவுகள் இருக்கின்றன. இதேபோல் மெல்லிய கோடுகள் உள்ள பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துரு தலைப்புக்கென்றே பிறந்தது. அதில் பத்தி பத்தியாகக் கட்டுரை அமைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

அடுத்தது தாள். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் அந்த மை மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். அந்தக் கறுப்பை நான்கு வண்ணங்களையும் கலந்து அச்சிட்டால் இன்னும் மோசம். ஒரு வண்ணம் இம்மி விலகினாலும் மயிரிழை போய்விடும்.

எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருளின் 'போல்டு' பொத்தானை அழுத்தாதீர்கள். அது எல்லாக் கோடுகளையும் ஒன்றுபோலப் பருக்க வைக்கும். எந்த ஏற்றத்தாழ்வுக்காக இந்த எழுத்தைத் தேர்ந்தோமோ அதுவே மங்கிப்போகும்.

வரிகளை நெருக்குவதும் வேண்டாம். 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல்லை இதில் அடித்துப் பாருங்கள், வேலிக்கம்பிகள் நட்டதுபோல் கண் கூசும். பொடோனியின் பக்கங்களில் ஓரமும் வரி இடைவெளியும் தாராளமாக இருப்பதைக் கவனித்தால் காரணம் புரியும்.

தமிழோடு சேர்த்து அமைக்கும்போது, ஒரே தடிமனில் ஓடும் தமிழ் எழுத்துருவுக்குப் பக்கத்தில் இது வேறு வீட்டுப் பிள்ளைபோல் நிற்கும். தடிமன் மாறும் தமிழ் எழுத்துருவாகத் தேடுங்கள்.

அழைப்பிதழை மறுபடி அச்சிட்டபோது, சிறிய அளவுக்கான வரைவையே பெரிதாக்கிப் போட்டேன். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாலும் ஹேமாவின் நடுக்கோடு நின்றது.