தரைக் குளிருக்குப் பழைய புடவை

மழைக்காலம் வந்தால் எங்கள் ராயபுரம் கீழ்த்தள வீட்டில் டைல்ஸில் கால் வைத்தவுடன் ஜில்லென்று ஏறும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. கார்ப்பெட் கட்டுப்படியாகாது, கடலோர ஈரத்துக்கு அது சீக்கிரம் நாறியும் போகும்.

4 பழைய காட்டன் புடவைகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சாண் இடைவெளியில் குறுக்கே நூலோட்டினேன். மடிப்புகளுக்குள் தங்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைத் தரை இழுக்காமல் தடுக்கிறது. கீழே கோரைப்பாய், மேலே இது. இப்போது அம்மா தரையிலேயே உட்கார்ந்து கீரை ஆய்கிறார்.

அடியில் பிளாஸ்டிக் பாய் மட்டும் வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும். காலையில் சுருட்டி வையுங்கள், வெயில் வந்தால் மொட்டைமாடியில் போடுங்கள். அப்புறம், நடக்கும் வழியில் விரிக்காதீர்கள். வயதானவர்களுக்கு வழுக்கிவிடும்; அங்கே வீட்டுச் செருப்பே நல்லது.