மலையில் பழைய பைக் வாங்கப் போகிறீர்களா? காலையிலேயே போய்விடுங்கள்

வண்டி பார்க்கப் போவதற்கு முந்தின நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறும் வரை ஊர்க்கதை பேசுங்கள். கோத்தகிரியில் மார்கழி மாதம் ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டி, சோக் போட்டு நாலைந்து உதையில் எழுந்தால் பேச்சைத் தொடரலாம்; வேர்த்து விறுவிறுத்து உதைத்தும் எழவில்லை என்றால் பிளக்கோ கார்புரேட்டரோ கம்ப்ரஷனோ, ஏதோ ஒன்று செலவு வைக்கும். குளிரில் முதல் இரண்டு நிமிடம் வெள்ளையாக ஆவி வருவது சகஜம். சூடேறிய பிறகும் நீலமாகப் புகை வந்தால், அது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால், ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

கீழே மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த வண்டி ஊட்டியில் மூச்சு வாங்கும். அதை வைத்து என்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஆனால் கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும், பிளக்கில் கரி படியும். மெக்கானிக் ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) போட்டால் சரியாகிவிடும். ஆனால் வாரா வாரம் கோயம்புத்தூர் இறங்குகிற ஆள் என்றால் அப்படியே விடுங்கள், சின்ன ஜெட்டோடு கீழே விரட்டினால் என்ஜின் சூடாகிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது எல்லோரும் ஏற்றத்தில்தான் சோதிப்பார்கள். அதுவும் வேண்டும்தான்: மூன்றாவது கியரில் முறுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மலை வண்டிகளில் இது சீக்கிரம் போகும். ஆனால் என்னைக் கேட்டால் இறக்கத்தில்தான் வண்டியின் லட்சணம் தெரியும். இரண்டாவது கியரில் விட்டு இறங்குங்கள், பிரேக்கை அழுத்தும்போது ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா, முன்பக்கம் 'டக் டக்' என்கிறதா, கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். முன்பக்கம் டக் என்றால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட், பின்பக்கம் ஆடினால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கும். டிரம் பிரேக்கை மட்டும் நம்பித் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ஷூ சூடாகி, பாதி வழியில் பிரேக் பிடிக்காது.

அப்புறம், பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்தே எரிக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டி மேல் ஆசை. யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது, இன்று எது கிடைத்தாலும் கிழவண்டிதான், விலையோ இளவட்டம். அதன் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு இணைந்தது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். என் வண்டி கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியில், அரவேனு தாண்டி குஞ்சப்பனைப் பக்கம் இறங்கும்போது அப்படித்தான் ஆயில் பத்தாமல் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் கீறிக்கொண்டே போக, கிளட்சைப் பிடிக்கத் தோன்றியதால் பிழைத்தேன். இறங்கும்போது அவ்வப்போது கொஞ்சம் முறுக்கிவிடுங்கள். தினமும் வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்றால் பேசாமல் பழைய ஸ்ப்ளெண்டர் வாங்குங்கள். பழைய புல்லட்டா? கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காலி மைதானத்தில் பழகிவிட்டு மலை ஏறுங்கள்.

பேப்பர் விஷயம். ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருடத்துக்குத்தான், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். முடிந்துபோயிருந்தால் விற்பவரையே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்து, ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பனிக்கும் மழைக்கும் அந்த இடம் துரு ஏறி வாசிக்க முடியாமல் போயிருக்கும், புதுப்பிக்கப் போகும்போது அதுவே பெரிய தலைவலி. வண்டி மேல் லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா எல்லாம் அரசின் எம்பரிவாகன் செயலியில் தெரியும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றிவிடுங்கள். கூடலூர் பக்கம் கேரளா, கர்நாடக வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்தால் அந்த மலிவு எங்கே போனது என்று தேடுவீர்கள்.

வாங்கியாயிற்றா? பனிக்காலத்தில் டேங்கைப் பாதி காலியாக நிறுத்தாதீர்கள், உள்ளே ஈரம் வேர்க்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் அது பிரிந்து அடியில் தங்கும். பத்து நாளுக்கு மேல் ஓட்டவில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி வடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுகப் போர்த்த வேண்டாம், ஈரம் வெளியே போகாமல் ஸ்போக்ஸ் வரை துரு பிடிக்கும். மழையில் ஓட்டினால் அன்றைக்கே செயினுக்கு எண்ணெய். ஒரு பிளக், பிளக் ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். புது கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளை ஒட்டியே ஓடவிட்டுக் கட்டி வையுங்கள், நடுவழியில் அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாட்டினால் போதும், மழையில் டேங்கைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.