அப்டேட்டுக்கு அப்புறம் டிரைவ் மவுண்ட் ஆகவில்லையா? டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆர்ச் லினக்ஸுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் ஐந்து முறை, அப்டேட் போட்ட கையோடு ஏதாவது ஒரு டிரைவ் மவுண்ட் ஆகாமல் (ஒரு கோப்புறையாகத் திறந்து பயன்படுத்த முடியாமல்) முழித்திருக்கிறேன். ஐந்து முறையும் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், முதல் தடவை பதற்றத்தில் நான் செய்த முதல் வேலை எஃப்எஸ்சிகே என்ற ஃபைல் சிஸ்டம் சோதனைக் கட்டளையை ஓட்டியது. 2 டிபி டிஸ்க், முக்கால் மணி நேரம், முடிவில் ஒரு பிழையும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

என் கணினியில் 500 ஜிபி என்விஎம்ஈ ஒன்று. அதில் ரூட் (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) இஎக்ஸ்டி4, பூட் பார்ட்டிஷன் ஃபேட். தரவுக்கு 2 டிபி சாட்டா டிஸ்க். பழைய விண்டோஸ் இன்னும் ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் கிடக்கிறது. பேக்கப்புக்கு ஒரு யூஎஸ்பி டிரைவ். இந்த நாலும் நாலு விதமாகப் படுத்தியிருக்கின்றன.

எது நடந்தாலும் முதலில் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" தட்டுங்கள். எந்த டிஸ்க், எந்தப் பார்ட்டிஷன், என்ன ஃபைல் சிஸ்டம், என்ன யூயூஐடி (அந்தப் பார்ட்டிஷனின் அடையாள எண்), எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். உங்கள் பார்ட்டிஷன் அந்தப் பட்டியலில், ஃபைல் சிஸ்டம் பெயரோடு இருந்தால் மூச்சு விடலாம். கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க் தெரிகிறது, மவுண்ட் செய்வதில்தான் தகராறு. பட்டியலிலேயே இல்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அடுத்து, கையால் மவுண்ட் செய்து பாருங்கள். ஃபைல் மேனேஜரின் "மவுண்ட் செய்ய முடியவில்லை" பெட்டியை நம்பிப் பயனில்லை. டெர்மினலில் மவுண்ட் கட்டளை கொடுத்ததும் "டிமெசேஜ்" என்று வாயில் வருகிற அந்த டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு ஓட்டி, கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். மவுண்ட் சொல்லும் "தவறான ஃபைல் சிஸ்டம் வகை, தவறான ஆப்ஷன், கெட்ட சூப்பர்பிளாக்" என்ற நீண்ட வாக்கியம் பல பேரைப் பயமுறுத்துகிறது. அது நோயின் பெயர் இல்லை, இருக்கக்கூடிய எல்லா நோய்களின் பட்டியல். உண்மைக் காரணத்தைக் கெர்னல் தன் பதிவில்தான் சொல்லியிருக்கும்.

சரி, என் அனுபவத்தில் அடிக்கடி வருவது இது. அப்டேட் முடிந்தது, ரீபூட் செய்யவில்லை, பென்டிரைவைச் செருகினால் "எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் தெரியாது" என்கிறது. நேற்று வரை தெரிந்ததே! காரணம் எளிது. ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். பேக்மேன் (ஆர்ச்சின் பேக்கேஜ் நிறுவி) புதுக் கெர்னலை நிறுவும்போது பழையதின் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் கெர்னல் துண்டு) கோப்புறையை நீக்கிவிடும். ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூல்கள் ஓடும், இனிமேல் ஏற்ற வேண்டியவை கிடைக்காது. ஆள் பழைய வீட்டில் இருக்கிறார், சாமான்கள் புது வீட்டுக்குப் போய்விட்டன.

உறுதி செய்ய "யுனேம் -ஆர்" தட்டுங்கள். அது காட்டும் பெயரில் ஒரு கோப்புறை /யூஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ் உள்ளே இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரீபூட் செய்தால் போதும்.

ரீபூட் செய்த பிறகும் அந்தக் கோப்புறை இல்லையென்றால்தான் கதை பெரியது. என் ஐந்தில் மோசமானது அதுதான்.

அன்று இரவு அப்டேட்டில் 143 பேக்கேஜ்கள். ரீபூட் செய்தேன். கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரம் அங்குமிங்கும் நடந்தது, பக்கத்தில் பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற வரி, அப்புறம் எமர்ஜென்சி மோட். அங்கேயாவது உள்ளே விடுமா என்றால், ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, கன்சோல் தர முடியாது என்றது. நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காமல் சூடோ மட்டும் போதும் என்று விட்டதன் பலன். (உங்களுடையதும் அப்படி இருந்தால் இன்றே வைத்துவிடுங்கள்.)

நடந்தது இதுதான். இரண்டு நாளுக்கு முன் ஒரு வேலையாகப் பூட் பார்ட்டிஷனைக் கையால் கழற்றிவிட்டு, திரும்ப மாட்ட மறந்திருந்தேன். அப்டேட் வந்தபோது புதுக் கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (ரூட்டைத் திறக்கும் வரை கெர்னலுக்கு உதவும் சிறு தொகுப்பு) ரூட்டில் இருந்த வெறும் /பூட் கோப்புறைக்குள் போய் விழுந்தன. உண்மையான பார்ட்டிஷனில் பழைய கெர்னல் அப்படியே இருந்தது. பூட்லோடருக்கு இது எதுவும் தெரியாது, பழையதையே எழுப்பியது. ரூட் மவுண்ட் ஆயிற்று, ஏனென்றால் அதற்கு வேண்டிய மாட்யூல் பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து /பூட்டை மவுண்ட் செய்ய, ஃபேட்டைப் படிக்கும் விஃபேட் மாட்யூல் வேண்டும். அது ரூட்டில் புதுக் கெர்னலுக்கு மட்டும்தான் இருக்கிறது. விஃபேட் இல்லாமல் பூட் பார்ட்டிஷன் திறக்காது, பூட் பார்ட்டிஷன் திறக்காமல் புதுக் கெர்னலை அங்கே வைக்க முடியாது. சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டு.

வெளியே வர லைவ் யூஎஸ்பிதான் வழி. அதில் எழுந்ததும் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" பார்த்து, ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி-யில் மவுண்ட் செய்யுங்கள். என்கிரிப்ட் செய்திருந்தால் முதலில் "கிரிப்ட்செட்அப் ஓபன்" கொண்டு திறக்க வேண்டும். ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ் என்றால் "-ஓ சப்வால்=@" என்பது போல உங்கள் சப்வால்யூம் பெயரைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே விநோதமான கோப்புறைகள் தெரியும், பயந்துவிடாதீர்கள். இப்போது பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்வதற்கு முன் /எம்என்டி/பூட் உள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே கெர்னல் கோப்புகள் கிடந்தால் நோய் இதுதான். அந்தத் தப்பிப் பிறந்த கோப்புகளை அழித்துவிட்டு, உண்மையான பூட் பார்ட்டிஷனை /எம்என்டி/பூட்டில் மவுண்ட் செய்யுங்கள். அப்புறம் "ஆர்ச்-சிரூட் /எம்என்டி". இது டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நம்மை நுழைக்கும். உள்ளே போனதும் "பேக்மேன் -எஸ் லினக்ஸ்" (எஸ் பெரியது). கெர்னலை மறுபடி நிறுவினால் அது இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் சேர்த்துக் கட்டிவிடும். வெளியே வந்து "யூமவுண்ட் -ஆர் /எம்என்டி" (ஆர் பெரியது), ரீபூட். எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் விடிந்தது.

எழுந்த பிறகு "யுனேம் -ஆர்" காட்டுவதையும் "பேக்மேன் -க்யூ லினக்ஸ்" (க்யூ பெரியது) காட்டுவதையும் ஒப்பிடுங்கள். ஆர்ச் என்ற சொல்லுக்கு முன் ஒன்றில் கோடும் இன்னொன்றில் புள்ளியும் இருக்கும். அது வித்தியாசம் இல்லை, எண்கள் ஒத்திருந்தால் சரி.

அதற்குப் பிறகு என் அப்டேட் கட்டளைக்கு முன்னால் "மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பூட் &&" என்று ஒட்டிவிட்டேன். பூட் மாட்டியிருந்தால்தான் அப்டேட்டே தொடங்கும். ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்திருப்பவர்களுக்கும் இதே பொறி உண்டு: ரூட்டைப் போன வார நிலைக்குத் திருப்பினால் மாட்யூல்கள் பழையதாகும், தனிப் பார்ட்டிஷனில் உள்ள கெர்னல் புதியதாகவே இருக்கும். அங்கேயும் சிரூட் செய்து கெர்னலை மறுநிறுவல் செய்தால்தான் தீரும். ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்ற இன்னொரு லினக்ஸ் பழைய கெர்னல்களையும் மாட்யூல்களையும் கொஞ்ச காலம் வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் பொறாமை.

இனி எஃப்எஸ்டேப், கணினி எழும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல். /எட்சி கோப்புறையில் இருக்கும் இந்தக் கோப்பில் டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மாட்டுவீர்கள். அந்தப் பெயர்கள் கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்தவை. புதுக் கெர்னலில் வரிசை மாறலாம், ஒரு யூஎஸ்பி டிரைவ் செருகியிருந்தாலே மாறலாம். எனக்கு ஒரு முறை தரவு டிஸ்க்கின் இடத்தில் பேக்கப் டிரைவ் வந்து உட்கார்ந்தது. யூயூஐடி எழுதுங்கள். இஎக்ஸ்டி4-இன் யூயூஐடி 36 எழுத்து நீளம், ஃபேட்டுடையது எட்டே எழுத்தும் நடுவில் ஒரு கோடும். குட்டியாக இருக்கிறதே, தப்போ என்று நினைக்க வேண்டாம். பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாற்றி எழுதியதும் "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" ஓட்டுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். பிறகு "சிஸ்டம்சிடிஎல் டேமன்-ரீலோட்", அப்புறம் "மவுண்ட் -ஏ". மூன்றும் பிழை எதுவும் காட்டாமல் முடிந்தால் மட்டும் ரீபூட் செய்யுங்கள். தவறான எஃப்எஸ்டேப்போடு ரீபூட் செய்தால், இல்லாத டிஸ்க்குக்காக சிஸ்டம்டி (கணினியை எழுப்பி நடத்தும் நிரல்) 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் தள்ளிவிடும்.

இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற டிரைவுகளுக்கு "நோஃபெயில்" ஆப்ஷன் கொடுங்கள். கூடவே "எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10" கொடுத்தால் காத்திருப்பு பத்து வினாடியாகக் குறையும். ஆனால் /பூட்டுக்கு நோஃபெயில் போடாதீர்கள். மவுண்ட் ஆகாததே தெரியாமல் கணினி எழுந்து, அடுத்த அப்டேட்டில் மேலே சொன்ன கதை உங்களுக்கும் நடக்கும். பேக்கப் டிரைவுக்குப் போட்டால் இன்னொரு ஆபத்து: டிரைவ் மாட்டாத நாளில் பேக்கப் ஸ்கிரிப்ட் வெறும் கோப்புறைக்குள் எழுதித் தள்ளும். எனக்கு அப்படி 38 ஜிபி ரூட்டில் சேர்ந்து, எங்கே போனது என்றே தெரியாமல் இருந்தது, ஏனென்றால் அப்புறம் டிரைவை மாட்டியதும் அது மேலே மூடிக்கொண்டது. "மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி" செய்து அடியில் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது டிரைவ் கழற்றியிருக்கும்போது அந்தக் கோப்புறைக்கு "சிஹெச்ஆட்ர் +ஐ" கொடுத்து எழுத முடியாதபடி பூட்டிவைத்திருக்கிறேன். மவுண்ட் ஆவதற்கு அது தடையில்லை.

என்டிஎஃப்எஸ் சுருக்கமாக. 2021-இல் கெர்னல் 5.15-இல் என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் வந்தது. பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி-யைவிட வேகமானது, ஆனால் கறார். பார்ட்டிஷன் "அழுக்காக" இருக்கிறது என்ற கொடி இருந்தால் மவுண்ட் செய்ய மறுத்துவிடும், கெர்னல் பதிவிலும் அப்படியே எழுதும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பாதி உறக்கத்தில் கணினியை அணைப்பது இதற்குப் பொதுவான காரணம். சரியான மருந்து விண்டோஸுக்குள் போய் அந்த அமைப்பை நிறுத்தி, செக்டிஸ்க் ஓட்டி, முழுதாக அணைப்பது. "என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி" அந்தக் கொடியை நீக்கும். ஆனால் அதன் பெயரில்தான் ஃபிக்ஸ் இருக்கிறது, முழுப் பழுதுபார்ப்பு அதற்குத் தெரியாது. கொடியை மீறி மவுண்ட் செய்யும் ஃபோர்ஸ் ஆப்ஷனை நான் தொட்டதில்லை.

அப்டேட்டான கெர்னலிலேயே குறை என்ற சந்தேகம் வந்தால், லினக்ஸ்-எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள கெர்னல்) பேக்கேஜைக் கூடவே நிறுவிவைத்து அதில் எழுந்து பாருங்கள். அதில் டிரைவ் மவுண்ட் ஆனால் சந்தேகம் உறுதி. /வேர்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி-யில் பழைய கெர்னல் பேக்கேஜ் இருந்தால் "பேக்மேன் -யூ" (யூ பெரியது) கொண்டு திரும்பிப் போகலாம்.

கடைசியாக, எல்எஸ்பிஎல்கே-யில் டிஸ்க்கே வரவில்லை, அல்லது வந்து வந்து போகிறது, கெர்னல் பதிவில் ஐ/ஓ எரர்கள் என்றால் மட்டும் வன்பொருளைச் சந்தேகியுங்கள். அப்போதும் எஃப்எஸ்சிகே வேண்டாம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எழுதுவது நிலைமையை மோசமாக்கும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" ஓட்டி, சாட்டா டிஸ்க் என்றால் 5, 197 எண் வரிகளைப் பாருங்கள். முதலாவது மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், இரண்டாவது படிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை ஏறிக்கொண்டே போனால் "டிடிரெஸ்க்யூ" கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்துவிட்டு, பழுதுபார்ப்பதை நகலில் செய்யுங்கள். 199-ஆம் வரி (தரவு போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். என்னுடையதில் 5-உம் 197-உம் சுழியம், 199-இல் நாலாயிரத்துச் சொச்சம். அப்டேட் நாளில் பெட்டியைத் திறந்து தூசி தட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேபிளை மாற்றினேன். பழைய எண் குறையாது, அது அழியாத கணக்கு. ஆனால் அன்றிலிருந்து ஒன்றுகூட ஏறவில்லை.