மலையேற்றத்தை உடற்பயிற்சியாகத் தொடங்க: கீழக்குயில்குடியில் நான் பழகிய விதம்

24 வருடமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள் நான். மிதித்து மிதித்தே கால் உரமாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். 46 வயதில் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். தெருவில் நடந்தால் நாய், வண்டி, "பிளவுஸ் தைச்சாச்சா?" என்று வழிமறிக்கிறவர்கள். பதினைந்து நாளில் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த இடம். மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையிலேயே வெட்டிய படிகள். அன்றைக்கு, பாறைச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் வரை ஒரே மூச்சில் ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் பாதிப் படியில் இரண்டு தொடையும் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்கினேன். திங்கட்கிழமை வலி. செவ்வாய்க்கிழமை மிஷின் மிதியில் கால் வைக்க முடியவில்லை.

இனி ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். நம்மில் பலர் மூச்சைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே நம் உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பழகாத தசையில் அந்த வேலை நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். அதனால்தான் அன்றைக்கு வலிக்காமல், மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகிறது. நல்ல செய்தி என்னவென்றால், அதே இறக்கத்தை ஓரிரு வாரம் கழித்துச் செய்தால் வலி பெருமளவு குறைந்துவிடும். தசை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. மிஷின் மிதிப்பதில் கணுக்காலுக்குத்தான் வேலை, தொடைக்கு ஒன்றுமே இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே முதல் பயிற்சி மலையில் இல்லை, உங்கள் வீட்டு வாசற்படியில். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு படியின் மேல் நில்லுங்கள். ஒரு காலை முன்னால் நீட்டி, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணிக்கொண்டே மற்றக் காலை மெதுவாக மடக்கி இறங்குங்கள். தொப்பென்று விழக் கூடாது, நான்காவது எண்ணில்தான் பாதம் தரையைத் தொட வேண்டும். மடங்கும் முழங்கால் உள்பக்கம் சாயாமல், கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கட்டும். காலுக்குப் பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்காலுக்குள் குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தொடையில் எரிச்சல் இருந்தால் அது வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இதோடு இரண்டு வாரம், வாரத்தில் நான்கு நாள், அரைமணி நேரச் சமதரை நடை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. இந்த நடையோடு ஞாயிற்றுக்கிழமை மலையும் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

மூன்றாவது வாரம் மலைக்குப் போங்கள், ஆனால் பாதி வரைக்கும்தான். இரண்டாம் தடவை நான் போனபோது அடிவாரத்தில் மோர் விற்கும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ன தாயி, பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஏறுற? பாதி அடியா எடுத்து வை. பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. அதான் கணக்கு." பிற்பாடு டாக்டரும் அதையேதான் சொன்னார்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். பேச்சு அறுந்தால் நின்றுவிடாதீர்கள், அடியைச் சின்னதாக்குங்கள். படி இல்லாத சரிவுப் பாறையில் நேராக ஏறாமல், இடமும் வலமுமாகக் கோணலாகப் போனால் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும். பாதம் முழுவதும் பாறையில் பதியட்டும். முன்பாதத்தில் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இறங்கும்போது இன்னும் சின்ன அடி. முழங்காலை விறைப்பாக வைக்காமல் எப்போதும் லேசாக மடக்கியே வைத்திருங்கள். பயத்தில் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால்தான் குதிகால் வழுக்கும். ஒரு மூங்கில் தடி இருந்தால் முதலில் தடி, அப்புறம் கால். இப்படி ஊன்றினால் முழங்காலில் விழும் பாரம் குறையும்.

செருப்போடு ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன், பழகிய கால்களுக்கு அது சரி. புதியவர்களுக்கு அடிப்பாகம் பிடிப்பான ஷூ வேண்டும். காலணிக் கடையில் ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலமாக வாங்குங்கள், பாதம் அப்போதுதான் கொஞ்சம் உப்பியிருக்கும். எனக்கு முதல் மாதத்திலேயே பெருவிரல் நகம் கறுத்துப்போனது. ஷூ முனையில் நகம் இடித்து இடித்து உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. அதன் பிறகு சனிக்கிழமை இரவே நகத்தை வெட்டிவிடுகிறேன். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கத்து லேஸை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். பாதம் முன்னால் சறுக்காது. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள். சின்னக் கொப்புளம்கூட நமக்குச் சின்னது இல்லை.

துணியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், என் தொழில் அது. புடவை வேண்டாம், இறங்கும்போது கொசுவம் காலுக்கடியில் மாட்டும். லெக்கின்ஸ் உட்காரும்போது இழுக்கும், பாறையில் சிராய்க்கும். முழுக் காட்டன் வேர்வையைக் குடித்துக் கனத்து, தொடையில் உரசும். காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியில் தளர்வான பேன்ட்தான் எனக்குச் சரிப்பட்டது. இரண்டு காலும் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டும். உரசலும் கிழிசலும் அங்கேதான். அங்கே உள்ளங்கை அளவு சதுரத் துண்டை மூலைவாட்டாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உயரமான படியில் கால் தூக்கும்போது துணி இழுக்காது. உரசல் இருந்தால் கிளம்பும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். டாப்ஸ் முழங்காலுக்கு மேல் நிற்கட்டும், பக்கவாட்டுப் பிளவு தாராளமாக இருக்கட்டும், செல்போனுக்கு ஜிப் வைத்த பை ஒன்றும் வேண்டும். கையில் பொருள் எதுவும் இல்லாமல் ஏற வேண்டும், விழுந்தால் ஊன்றக் கை வேண்டுமே.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், வெயில் காலத்தில் இரண்டு. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இடையிடையே இரண்டு மடக்கு. உப்புப் போட்ட மோர், கடலை மிட்டாய். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மலையேறப் போவதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, கண் இருட்டுவது இவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறி. உடனே உட்கார்ந்து சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். நான் கழுத்துப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன். நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறாமல் உதவி கேளுங்கள்.

நேரம்: விடிந்ததும் ஏறி எட்டு மணிக்குள் கீழே இருங்கள். கருங்கல் பாறை ஒன்பது மணிக்கே அனல் வீசும். மழை பெய்த மறுநாள் பாசிப் பாறையில் கால் வைக்காதீர்கள், அன்றைக்கு மலையைச் சுற்றி நடந்தால் போதும். பாறையிடுக்கில் தேனடை இருந்தால் சத்தமோ புகையோ வேண்டாம். குரங்கு இருக்கும் மலையில் பிளாஸ்டிக் கவரை வெளியே எடுக்காதீர்கள்.

பேச்சிப்பள்ளத்தில் நின்று மூச்சை ஆற்றிக்கொள்ளுங்கள். பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேலானவை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், சிற்பத்தில் சாயாதீர்கள். அதற்கு மேலே படி இல்லாத வெறும் பாறை, உச்சியில் தீபத் தூண். அங்கே நான் போனது மூன்றாவது மாதத்தில்தான்.

அடுத்த மலைக்கு நேரம் கணக்கிட என் மகன் ஒரு வழி காட்டினான். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பழகியவர்களுக்கான கணக்கு அது. நான் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன், சரியாக வருகிறது.

காட்டுக்குள் போகிற பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேனி நமக்குப் பக்கத்து மாவட்டம், அந்த வாரம் கடையில் யாரும் வேறு எதுவும் பேசவில்லை. 2024 முதல் தமிழக அரசே 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. இணையத்தில் பதிவு செய்யலாம். எளிதில் தொடங்குங்கள்.

நானும் அக்காவும் பழனி போய் 693 படிகளையும் ஏறி, அதே படிகளில் நடந்தே இறங்கினோம். மறுநாள் காலையில் வழக்கம்போல மிஷினில் உட்கார்ந்தேன். அடுத்து தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி. வனத்துறை கேட்டில் அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். ஓடையில் தண்ணீர் வரும் நாளில் போகக் கூடாது. அதுவரைக்கும் வாசற்படியில் காலுக்கு இருபது முறையாகக் கூட்டியிருக்கிறோம், முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு.