விற்ற குட்டி நோயில் விழுந்தால்: புதிய பிரீடர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்குட்டிகளை வளர்த்து விற்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. தாய் நாய்க்கு என்ன உணவு, எந்த வாரத்தில் குடற்புழு மருந்து என்பது வரை விவரமாகக் கேட்கும் இவர்கள், விற்ற குட்டிக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நோய் வந்த பிறகே கேட்கிறார்கள். அதற்குள் செய்யக் கூடாத ஒன்றிரண்டைச் செய்து முடித்திருப்பார்கள். எங்கள் தலைமுறையில் தொடங்கியவர்கள் செய்த அதே தவறுகள் இன்றும் அப்படியே தொடர்வதால் இதை எழுதுகிறேன். நோயுள்ள குட்டியை மறைத்து விற்பதும் தடுப்பூசி அட்டையில் பொய் எழுதுவதும் தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் பதற்றத்தில் செய்துவிடும் தவறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உடனே வேறு குட்டி கொடுத்துவிடுவது

நல்ல மனதோடு செய்யப்படுகிற, ஆனால் மிகப் பெரிய சேதத்தை உண்டாக்குகிற தவறு இதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

கோவைப் பக்கம் லாப்ரடார் வளர்க்கும் ஒரு தம்பியிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குட்டி வாங்கினார். ஐந்தாம் நாள் காலையில் அவர் அழைத்து, குட்டி நேற்றிரவிலிருந்து எதையும் தொடவில்லை, நுரை நுரையாக வாந்தி எடுக்கிறது என்றார். “சார், நீங்க கவலைப்படாதீங்க, அதைக் கொண்டுவந்து விட்டுட்டு வேற குட்டி எடுத்துட்டுப் போங்க” என்று இவர் சொல்லிவிட்டார். மாலைக்குள் குட்டி கைமாறியது. திரும்பி வந்த குட்டி ஓர் அட்டைப்பெட்டிக்குள், பழைய துண்டு விரித்து, மற்ற குட்டிகள் இருந்த கொட்டகையின் மூலையிலேயே வைக்கப்பட்டது. அதற்குக் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டிய அதே கையோடும், அதே செருப்போடும் இவர் மற்ற குட்டிகளுக்கும் உணவு வைத்தார். மறுநாள் விடிவதற்குள் அந்தக் குட்டி ரத்தக் கழிச்சலோடு இறந்துவிட்டது. ஆசிரியர் வீட்டுக்குப் போன இரண்டாவது குட்டியும் ஒரு வாரத்துக்குள் இறந்தது. கொட்டகையில் மீதமிருந்த குட்டிகளில் ஒன்றுதான் பிழைத்தது. “முதல் குட்டிக்கு என்ன ஆச்சுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டாவதைக் கொண்டுவந்திருக்கவே மாட்டோமே தம்பி” என்று ஆசிரியரின் மனைவி கேட்டதற்கு இவரிடம் பதில் இல்லை.

குட்டிகளின் குடலைத் தாக்கி இப்படிக் கொல்லும் பார்வோ வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பது தெரிந்திருந்தால் இவ்வளவு சேதம் நடந்திருக்காது. நோய்த்தொற்று ஏற்பட்டு நான்கைந்து நாட்களில், வாந்தியும் பேதியும் தொடங்குவதற்கு முன்பே, குட்டியின் மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். மண்ணிலும் தரை இடுக்கிலும் அது பல மாதங்கள், சூழல் வாய்த்தால் ஓராண்டுக்கு மேலும், உயிர்ப்போடு இருக்கும். நம் வீடுகளில் வழக்கமாகத் தெளிக்கும் பினாயிலை நம்பி அதை ஒழிக்க முடியாது. தரையிலுள்ள அழுக்கை முதலில் கழுவி எடுத்துவிட்டு, குளோரின் கலந்த பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் குறைந்தது பத்து நிமிடமாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படிக்கூடச் சுத்தப்படுத்த இயலாது. ஆகவே பார்வோ வந்த வீட்டுக்கு இன்னொரு சிறு குட்டியைக் கொடுப்பது, அதையும் தெரிந்தே நோய்க்குக் கொடுப்பதாகும். “முதல் ஊசி போட்டாயிற்றே” என்பது சமாதானம் ஆகாது. தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும் வரை தடுப்பூசி வேலை செய்யாமல் போகலாம். அந்த எதிர்ப்பாற்றல் எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பதினாறு வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

அந்த முதல் தொலைபேசி அழைப்பில் சொல்ல வேண்டியது ஒன்றே: குட்டியை இப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பரிசோதனைச் செலவு என்னுடையது. பார்வோவுக்கான மலப் பரிசோதனை மருத்துவர் முன்னிலையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நோய் இல்லை என்று முதல் பரிசோதனையில் வந்தாலும் அறிகுறிகள் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். அண்மையில் தடுப்பூசி போட்ட குட்டிக்குப் பரிசோதனை அட்டையில் நோய் இருப்பதுபோல மங்கலாக ஒரு கோடு தெரிவதும் உண்டு, ஆகையால் முடிவைப் படிக்கும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். சரியான நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியைக் கட்டுப்படுத்தி, கண்காணிப்பில் வைத்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன. குட்டியைத் திரும்ப வாங்கிவந்து கொட்டகையில் வைத்துக் கைவைத்தியம் பார்ப்பது அந்த வாய்ப்பைப் பறித்துவிடும்.

இதற்கடுத்து “யார் வீட்டில் வந்த நோய்” என்ற வாக்குவாதம் தொடங்கும். நோய்த்தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையில் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள், சில சமயம் இரண்டு வாரம் வரை ஆகும். வீட்டுக்குப் போன இரண்டாம் நாளில் விழுந்த குட்டி நம்மிடமே நோய்த்தொற்றைப் பெற்றிருக்கிறது. பத்தாம் நாளில் விழுந்தால் இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், முப்பத்தைந்தாம் நாளே குட்டியைக் கைமாற்றிவிடுகிற ஒருவர் “உங்கள் வீட்டில்தான் வந்தது” என்று வாதாடுவதில் நியாயம் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது சிகிச்சைச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வேறு குட்டிதான் வேண்டும் என்று அவர்களே கேட்டால், அந்த வீட்டுக்கு ஊசிகள் முழுமையாக முடிந்த, பதினாறு வாரம் கடந்த குட்டியை மட்டுமே கொடுங்கள்.

“பத்து நாள் உத்தரவாதம்” என்று சொல்லி முடித்துக்கொள்வது

தொற்றுநோய்க்கு நாள் கணக்கு ஓரளவு பொருந்தும். பிறவிக் குறைக்கும் பரம்பரை நோய்க்கும் அது பொருந்தாது. லாப்ரடாரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் காணப்படும் இடுப்பு மூட்டுக் கோளாறு ஐந்தாறு மாதத்தில்தான் கண்ணில் படத் தொடங்கும். குட்டி படியேறத் தயங்கும், ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயலைப் போலத் துள்ளும், உட்கார்ந்து எழும்போது முனகும். மூட்டு நன்றாக இருக்கும் பெற்றோருக்கும் இப்படிக் குட்டி பிறக்கலாம், அதிக உணவும் உடல் எடையும் அதை மோசமாக்கலாம். ஆகவே இது பிரீடர் ஏமாற்றியதாக ஆகிவிடாது. ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா என்று வாங்கியவர் கேட்கும்போது காட்டுவதற்குப் படம் வேண்டும். இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்த படம்தான் நம்பகமானது, அதற்கு முன் இணைசேர்க்க அவசரப்படுவதே இந்தச் சிக்கலின் வேர்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பது அந்த இனத்தை வளர்ப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். தூங்கும் குட்டியின் பின்னால் நின்று, காற்றோ தரை அதிர்வோ படாதபடி கைதட்டிப் பார்த்தால் இரண்டு காதும் கேளாத குட்டி தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும், அதைக் கண்டுபிடிக்க மின்கருவிப் பரிசோதனை தேவை. குட்டி செவிடு என்று மூன்றாம் மாதத்தில் வாங்கியவர் சொன்னால், உங்கள் பத்து நாள் கடந்துவிட்டது என்று பதில் சொல்வது சரியல்ல. அந்தக் குறை பிறப்பிலேயே இருந்தது, பார்த்திருக்க வேண்டியவர் நீங்கள். அவர்கள் அந்தக் குட்டியைத் தாங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுங்கள். முடியாது என்றால் குட்டியை மறுபேச்சின்றித் திரும்ப எடுத்துக்கொண்டு ஆயுளுக்கும் வளர்க்க வேண்டியது உங்கள் கடமை.

பரம்பரைக் குறை தெரிந்த பிறகும் அதே ஜோடியை மறுபடி இணைசேர்ப்பது

கூடாது.

கே.சி.ஐ. சான்றிதழை ஆதாரமாகக் காட்டுவது

அது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிப் பதிவு. குட்டியின் உடல்நலத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

“புதைத்துவிடுங்கள்” என்று சொல்வது

குட்டி இறந்த துயரத்தில் இருப்பவர்களிடம் பிரேதப் பரிசோதனையைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்றே பேச வேண்டும். சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உடலைக் குளிர்ச்சியாக வைத்து விரைவாகக் கொண்டுபோக வேண்டும். உறைநிலையில் வைத்துவிட்டால் திசுக்கள் சிதைந்து காரணம் தெரியாமல் போகலாம். பார்வோ என்று எல்லோரும் முடிவு கட்டிய குட்டியின் குடலில் கொக்கிப்புழுக்கள் நிறைந்திருந்து, ரத்தம் உறிஞ்சப்பட்டே அது இறந்திருந்ததை நான் அறிவேன். கொக்கிப்புழு பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வருவது. ஆகவே அங்கே மாற்ற வேண்டியிருந்தது தடுப்பூசி மருந்தையன்று, தாய்க்கும் குட்டிகளுக்கும் புழு மருந்து கொடுத்த முறையை.

எதையும் எழுதிக் கொடுக்காமல் விற்பது

குட்டி பிறந்த தேதி, பெற்றோர் விவரம், போட்ட ஊசிகளும் புழு மருந்துகளும், விற்ற நாளில் இருந்த எடை, இத்தனை நாளுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, எந்த நோய்க்கு என்ன ஈடு என்ற உறுதி ஆகிய அனைத்தும் ஒரே தாளில் இருவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். தொழிலாக விற்பவரிடம் விலை கொடுத்து வாங்கியவர் நுகர்வோர், அவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அந்தத் தாள் அவரை மட்டுமல்லாமல் உங்களையும் காக்கும். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்பவர்கள் இப்படி எழுதித் தரப் பயப்படுகிறார்கள். முதலில் பதிவு செய்யுங்கள்.

உடன்பிறந்த குட்டிகளின் வீடுகளுக்குச் சொல்லாமல் விடுவது

புகார் கொடுத்தவரைச் சமாதானப்படுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். நோய்த்தொற்று என்றால் ஒரே ஈற்றுக் குட்டிகள் எல்லாமே ஆபத்தில் இருக்கின்றன, பரம்பரைக் குறை என்றாலும் அப்படித்தான். பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி அந்த வீடுகளை அழைக்காமல் இருப்பது, காப்பாற்றக்கூடிய குட்டியைக் கைவிடுவதாகும். என் நண்பர் ஒருவர் விற்ற ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி மூச்சிரைத்து இறந்தபோது, பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய இதய ரத்தக்குழாய் ஒன்று மூடாமலே இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. அவர் அன்றைக்கே மற்ற குட்டிகள் இருந்த எல்லா வீடுகளையும் அழைத்து, ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு குட்டியின் இதயத்தில் அந்தக் குறையைக் காட்டும் இரைச்சல் கேட்டது. சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டதால் அறுவை சிகிச்சையில் அந்தக் குழாயைக் கட்ட முடிந்தது. செலவில் பாதியை நண்பர் ஏற்றுக்கொண்டார், தாய்க்குக் கருத்தடை செய்தார், ஆண் நாயின் உரிமையாளரிடமும் அறிக்கையின் நகலைக் கொடுத்தார்.