அலாரம் பேனலில் டேட்டா பஸ் பழுது: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாரம் பேனலும் அதோடு சேர்ந்த மாட்யூல்களும் (கீபேடு, எக்ஸ்பேண்டர் போன்ற துணைக் கருவிகள்) பேசிக்கொள்ளும் பொதுக் கம்பிகள்தான் டேட்டா பஸ். திருட்டுத் தடுப்பு அலாரத்தின் கீபேடில் 'மாட்யூல் காணவில்லை' என்று வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, அந்த மாட்யூலைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது. பேனலுக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்றுதான்: அந்த முகவரியிலிருந்து பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. மாட்யூல் செத்திருக்கலாம், வோல்டேஜ் போதாமல் இருக்கலாம், வழியில் வயர் விட்டிருக்கலாம், வேறெங்கோ இருக்கும் இன்னொரு மாட்யூல் லைனையே அமுக்கி வைத்திருக்கலாம். என்னைக் கேட்டால் சந்தேகத்தைப் பவரிலிருந்து தொடங்க வேண்டும், அடுத்து வயர், கடைசியில்தான் மாட்யூல்.

பவரில் நடக்கும் பெரிய தவறு, பேனல் டெர்மினலில் 13.8 வோல்ட் பார்த்துவிட்டு 'சப்ளை ஓகே' என்று சொல்லிவிடுவது. பார்க்க வேண்டியது லைனின் கடைசி முனையில், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது. அலாரம் வேலையில் பரவலாகப் போடும் 0.22 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்குச் சுமார் 8 ஓம் மின்தடை. போக வர 16 ஓம். கடைசியில் இருக்கும் கீபேடும் எக்ஸ்பேண்டரும் (கூடுதல் டிடெக்டர்களை இணைக்கும் மாட்யூல்) அதில் தொங்கும் டிடெக்டர்களும் சேர்ந்து 200 மில்லியாம்ப் இழுத்தால் 3.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேனலில் 13.8 என்றால் அங்கே 10.6. எப்படியோ ஓடும். கரண்ட் போய் பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதே முனையில் 9 வோல்ட் கூட இருக்காது. மாட்யூல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். பகலில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, ராத்திரி கரண்ட் கட்டானால் மட்டும் பழுது வருகிறது என்ற புகாரின் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கும். அதனால் மெயின்ஸை நிறுத்தி, பேட்டரியில் ஓடவிட்டு, கீபேடின் விளக்கெல்லாம் எரியும்போது அளந்து பாருங்கள்.

வோல்டேஜ் குறைகிறது என்று தெரிந்ததும் மிச்சமிருக்கும் கம்பிகளைப் பவர் கம்பிகளோடு சேர்த்து இரட்டிப்பாக்குவது நல்ல வழி. ஆனால் 'இருக்கட்டுமே' என்று டேட்டா கம்பிகளையும் இரட்டிப்பாக்காதீர்கள். கபாசிட்டன்ஸ் கூடி சிக்னலின் ஓரங்கள் மழுங்கிப்போகும். தூரத்தில் தனி பவர் சப்ளை வைப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. இரண்டு சப்ளைகளின் நெகட்டிவையும் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள், அல்லது பாசிட்டிவையும் சேர்த்தே இணைத்துவிடுவார்கள். நெகட்டிவ் பொதுவாக இருக்க வேண்டும், பாசிட்டிவ் பிரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் வயர். ஆர்எஸ்-485 பஸ் (ஏ, பி என்ற இரண்டு கம்பிகளில் டேட்டா அனுப்பும் முறை) ஒரு மாட்யூலிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போக வேண்டியது. நடுவில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கமும் கிளை பிரித்தால் சிக்னல் ஒவ்வொரு முனையிலும் மோதித் திரும்பும். சின்ன இடத்தில் ஓடிவிடும், நீளம் கூடக்கூட அவ்வப்போது விட்டுவிட்டுப் பழுது காட்டும். ஏ, பி இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில் போக வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றை ஒரு ஜோடியிலும் மற்றதை வேறு ஜோடியிலும் போட்டால், முறுக்குக் கேபிள் வாங்கியதே வீண். ஏ, பி என்ற பெயரையும் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை, மாற்றிக் குறிப்பவர்களும் உண்டு. கேபிளில் ஷீல்டு (உலோக உறை) இருந்தால் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும்.

டெர்மினேஷன் (சிக்னல் மோதித் திரும்பாமலிருக்க லைன் முனையில் போடும் ரெசிஸ்டர்) பற்றி இரண்டு கோஷ்டி உண்டு: போடவே போடாதவர்கள், எல்லா மாட்யூலிலும் அதை இணைக்கும் ஜம்பரைப் போட்டுவிடுபவர்கள். லைனின் இரு முனைகளில் மட்டும் 120 ஓம். சரிபார்ப்பது சுலபம். மெயின்ஸ், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவே மீட்டரை ஓமில் வையுங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் சரி. 120 என்றால் ஒரு முனை திறந்திருக்கிறது, அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. 40 என்றால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கோ ஒளிந்திருக்கிறது. இவ்வளவும் ஆர்எஸ்-485-க்குத்தான். சில பேனல்கள் ஒரு கம்பியில் டேட்டா, இன்னொன்றில் கிளாக் என்று அனுப்பும். அவற்றின் நடுவே 120 ஓமைப் போட்டால் இருந்த பேச்சும் நின்றுவிடும். மேனுவலைப் பார்க்காமல் ரெசிஸ்டரைத் தொடாதீர்கள்.

ஒரே முகவரியை இரண்டு மாட்யூலுக்குக் கொடுப்பது பழைய கதை. இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், பேனலுக்கு ஒன்றும் புரியாது. புதிதாக ஒன்றைச் சேர்த்த பிறகு பழையது 'காணாமல்' போனால் முதலில் டிப் ஸ்விட்சைப் (முகவரியைக் குறிக்கும் சின்ன ஸ்விட்ச் வரிசை) பாருங்கள். முகவரியை மாற்றினால் பவரை நிறுத்திப் போடும்வரை பல மாட்யூல்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எல்லா மாட்யூலும் ஒரே சமயத்தில் விழுந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நேர விரயம். லைனின் பாதியில் ஏ, பி இரண்டையும் கழற்றுங்கள். பேனல் பக்கத்துப் பாதி உயிர் பெற்றால் பழுது மறுபாதியில். கழற்றிய இடம் இப்போது லைனின் முனை என்பதால், நீண்ட லைனாக இருந்தால் அங்கே தற்காலிகமாக ஒரு 120 ஓம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பாதியையும் இரண்டாக்குங்கள். இடி மின்னலுக்குப் பிறகு ஒரே ஒரு மாட்யூலின் டிரான்சீவர் (டேட்டாவை அனுப்பி வாங்கும் சிப்) ஷார்ட்டாகி மொத்த லைனையும் அமுக்கிவிடுவது உண்டு. அதை இப்படித்தான் சீக்கிரம் பிடிக்க முடியும்.

மூடியைத் திறக்கும் முன் எஞ்சினியர் மோடுக்குப் (பழுதுபார்ப்பவருக்கான நிலை) போகவும், கண்காணிப்பு மையம் இருந்தால் அவர்களிடம் சொல்லவும் மறக்க வேண்டாம். பவரோடு மாட்யூலைக் கழற்றி மாட்டுவதும் வேண்டாம். கடைசியாக, பழுது இருக்கும்போதே பஸ்ஸை ரீஸ்கேன் (என்னென்ன மாட்யூல் இருக்கிறது என்று பேனலை மறுபடி தேடவைப்பது) செய்துவிடாதீர்கள். பதில் சொல்லாத மாட்யூலை 'நீக்கவா' என்று பேனல் கேட்கும்போது அவசரத்தில் 'ஆம்' அழுத்தினால், அந்த எக்ஸ்பேண்டரின் ஜோன்களும் (டிடெக்டர் இணைப்புகள்) பெயர்களும் புரோகிராமிலிருந்து போய்விடக்கூடும். வயரைச் சரிசெய்து, பவரைக் கொடுத்து, எல்லாம் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு ஸ்கேன் செய்து கொள்ளலாம்.